குண்டூசி தேடியவள்

“யாரும் நகராதீங்க! குண்டூசி விழுந்துடுச்சி!”

இந்தக் குரலுக்குக் கட்டுப்படாத மனிதரை நான் பார்த்ததில்லை. செங்கல்பட்டில் நான் பில் போட்டுக்கொண்டிருந்த ஜவுளிக்கடையில் முகூர்த்த நாள் நெருங்கினால் மூச்சு விட இடமிருக்காது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே வருகிற கூட்டம். அத்தனை சந்தடிக்கு நடுவே காட்டன் செக்‌ஷனிலிருந்து இந்தக் குரல் எழும். உடனே கல்யாணப் பெண்ணின் அத்தை தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நிற்பாள். ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிற்கும். யாரையும் நிற்கவிடாமல் விரட்டுகிற சூப்பர்வைசரும் கையில் டீ கிளாஸோடு அப்படியே நிற்பார். யாருக்குத்தான் காலில் ஊசி ஏறப் பிடிக்கும்?

எல்லோரும் நின்ற பிறகு, அந்த செக்‌ஷனில் புடவை எடுத்துக் காட்டுகிற அவள் குந்துவாள். முழங்கால் இரண்டும் நெஞ்சில் அழுந்த, கைகளால் காலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, தலையைக் கவிழ்த்துத் தரையையே பார்ப்பாள். சற்று நேரம் போகும். பிறகு மெல்ல எழுந்து ஒரு குண்டூசியை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவாள். “கெடச்சிடுச்சி, நடங்க நடங்க!” கடை மறுபடி நடக்கத் தொடங்கும்.

நான் அந்தக் கடையை விட்டுச் சில வருஷங்கள் ஆகின்றன. இப்போது திருப்போரூரில் மகள் வீட்டோடு இருக்கிறேன். இன்றைக்கும் எந்த ஜவுளிக்கடைக்குப் போனாலும் என் கண் முதலில் தரைக்குத்தான் போகிறது. புடவையைப் பாரும்மா என்று மகள் திட்டுகிறாள்.

அந்த நாளில் அவள் கத்தும்போதெல்லாம் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது பில் போடும் நானும் முதலாளியும்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாம் தெரியும். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். “ஏன்டி, கடை பூரா புடவை பிரிக்கிறாங்க. உன் செக்‌ஷன்ல மட்டும் எப்படி இவ்ளோ ஊசி விழுது?”

“நம்ம செக்‌ஷன்ல யாவாரம் ஜாஸ்திக்கா,” என்றாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

வாய் இருந்தது, பிழைத்துக்கொண்டாள். ஆனால் தேடுவதற்கு முன்பே அந்த ஊசி அவள் கையில் இருந்ததை நான் பார்த்திருந்தேன். யூனிபார்ம் புடவையின் தலைப்புக்கு உள்பக்கம் எப்போதும் ஒரு ஊசி குத்தி வைத்திருப்பாள். கண்டெடுப்பதற்கென்றே வைத்திருந்த ஊசி அது.

முப்பது தாண்டியவள். ஒல்லி. விரல் நுனிகள் மட்டும் உப்பி உருண்டிருக்கும். நகங்களுக்கு எந்நாளும் மெரூன் பாலிஷ். ஒரு ஓரம் உரிந்தாலும் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பூசிவிடுவாள். உதடு கத்திரிக்காய் நிறத்தில் இருக்கும். கேட்டால், “நாவப்பழம் துன்னேன்க்கா” என்பாள். கேட்கிறபோதெல்லாம் நாவல்பழம்தான் தின்றிருப்பாள்.

“அடியே, மார்கழி மாசத்துல எந்த மரத்துலடி நாவப்பழம் காய்க்குது?”

“எங்க ஊர்ல ஒரு மரம் கீதுக்கா. அதுக்கு மாசம் கீசம் தெரியாது,” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு ஏனோ அவளுக்கே சிரிப்பு நின்றுபோனது. அன்றைக்குச் சாயந்திரம் பஸ்ஸில் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவளுக்கு மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஊர். எனக்கு அப்போது வீடு திருக்கழுக்குன்றத்தில். ஒரே பஸ்ஸில்தான் போய்வருவோம். காலையில் அவள் முன்னாலேயே ஏறி, சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். பிறந்தபோதே இதயத்தில் ஓட்டையாம். நுரையீரலுக்கு ரத்தம் போகிற குழாயும் சுருங்கிக் கிடக்கிறதாம். கெட்ட ரத்தமும் நல்ல ரத்தமும் கலந்தே உடம்பு முழுக்க ஓடுவதால்தான் உதடும் நகமும் நீலம். நாலு எட்டு வேகமாக நடந்தால் கண் இருட்டும். குந்தி உட்கார்ந்தால் தெளியும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை; நடை பழகின நாளிலிருந்து தானாகவே குந்தியிருக்கிறாள்.

“சின்னதுல மெட்ராஸ்ல காமிச்சாங்களாம். ஆபரேஷன் பண்ணா சரியாப்பூடும்னு டாக்டரு சொன்னாராம். எங்கப்பாதான் தூக்கினு வந்துட்டாரு. பொட்டப்புள்ள, தாலி தொங்கற எடத்துல தழும்ப வெச்சிக்கினு நின்னா எவன் கட்டுவான்னு.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா? தழும்பு இல்லாமதான் நின்னேன். எவன் கட்டுனான்? பொண்ணு பாக்க வந்தவங்க முன்னால காபி தட்டத் தூக்கினு போனேனா, பாதியில கண்ணு இருட்டிச்சி. தட்டோட அப்பிடியே குந்திட்டேன். மருவாத தெரியாத பொண்ணுன்னு எழுந்து போயிட்டாங்க. காபியக் கூட குடிக்கல, பாவம்.”

அவள் சொன்ன விதத்தில் நானும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் கோபம் வந்தது. செத்துப்போன அந்த அப்பன் எதிரே நின்றிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருப்பேன்.

“இப்பப் பண்ணிக்கக் கூடாதா?”

“அதெல்லாம் கொழந்தையில பண்ணிக்கணும்க்கா. நம்ம பஸ்ஸு போயிடுச்சி.”

இதுதான் அவள் அத்தனை வருஷமும் பிடித்துக்கொண்டிருந்த நம்பிக்கை. ஊர்ப்பக்கம் எவரோ ஒரு டாக்டரும் எப்போதோ, இனி ஒன்றும் செய்வதற்கில்லை, ஜாக்கிரதையாக இரு என்று சொல்லி அனுப்பிவிட்டிருக்கிறார். அப்புறம் அவள் டாக்டர் என்று ஒருவரிடமும் போகவில்லை. சுரம் வந்தால் மாத்திரை, மூச்சு வாங்கினால் குண்டூசி. அவ்வளவுதான் அவள் வைத்தியம்.

தந்திரம் செய்தே காலத்தை ஓட்டிவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாள். எங்கள் கடையில் மாடி ஏறினால் பட்டு செக்‌ஷன். அங்கே சம்பளமும் கூட, மரியாதையும் கூட. அவள் பேச்சுக்கு மயங்காத வாடிக்கையாளரே இல்லை என்பதால் முதலாளியே கூப்பிட்டு மேலே போகச் சொன்னார். “பட்டு எனக்கு அலர்ஜி சார், தொட்டா தடிச்சிக்கும்,” என்று முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு சொன்னாள். திருக்கழுக்குன்றத்து மலையடியில் தினமும் பஸ் நிற்கும். ஒருநாளாவது ஏறிச் சாமி கும்பிட்டு வாடி என்றால், “மேலயே உக்காந்துகினு இருந்தா இன்னா அர்த்தம்? வேணுமின்னா அவரு எறங்கி வரட்டும்” என்பாள்.

கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தது. எங்கள் கடைக்கும் ஸ்டூல்கள் வந்து இறங்கின. சூப்பர்வைசர் அவற்றின் மேல் துணி பண்டல்களை அடுக்கி வைத்தார். நான் சண்டை போட்டுப் பண்டலை இறக்க வைத்து, வெற்றி வீரனைப் போல அவளுக்கு ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய்ப் போட்டேன். அவள் உட்கார்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் ஸ்டூலைத் தள்ளிவிட்டு, “யாரும் நகராதீங்க!” என்று கத்தித் தரையில் குந்திவிட்டாள். காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் அவள் மூச்சு சமாதானமாகவில்லை. சட்டம் போட்டவர்களுக்கு அவளைத் தெரியுமா, பாவம்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லாத் தந்திரமும் தீர்ந்தது. மேலே பட்டு செக்‌ஷனில் ஆள் போதவில்லை. தெரிந்த வாடிக்கையாளர் ஒருத்தி அவள்தான் வந்து எடுத்துக் காட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். “அலர்ஜியாம் அலர்ஜி, ஏறு மேல,” என்று சூப்பர்வைசர் எல்லோர் எதிரிலும் கத்தினார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஏறினாள். என் முன்னால் பில்லுக்கு நீளமாக வரிசை. மாடிப்படி திரும்புகிற இடத்தில் அவள் குந்துவதைப் பார்த்தேன். அவளுடைய வழக்கமான அந்தக் குரல் வரவில்லை. “வழியில குந்திக்கினு இன்னாமா பண்ற? எழுந்து போ!” என்று மேலேயிருந்து இறங்கிய ஒரு ஆள் சத்தம் போட்டான். அவள் அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள்.

ஓடிப்போய்த் தூக்கினேன். தலைப்பிலிருந்த ஊசி அவள் விரலைக் கீறியிருந்தது. வந்த ரத்தம் நாவல்பழச் சாறாகக் கறுத்திருந்தது. மனித உடம்பில் அப்படி ஒரு ரத்தத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினேன்.

அரசு ஆஸ்பத்திரியில் இருந்தவர் சின்ன வயது டாக்டர். ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, “இத்தனை வருஷம் எப்படிம்மா தாக்குப் பிடிச்சீங்க?” என்று ஆச்சரியப்பட்டார். பிறகு அவள் முப்பது வருஷமாகக் கேட்காத ஒரு வார்த்தையைச் சொன்னார். “இப்பவும் ஆபரேஷன் பண்ணலாம். மெட்ராஸுக்கு எழுதித் தரேன்.”

அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பாடு நாய் படாது. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதய நோய்ப் பிரிவில் வரிசையாக உட்கார்ந்திருந்ததெல்லாம் அடைப்பு, சர்க்கரை என்று வந்திருந்த வயதானவர்கள். “இது பிறவியிலேயே வந்ததும்மா. குழந்தைங்க பிரிவுக்குப் போங்க,” என்றார்கள். குழந்தைகள் பிரிவு வேறொரு கட்டடம். வெயிலில் மைதானத்தைத் தாண்டிப் போவதற்குள் அவள் மூன்று இடத்தில் குந்தினாள். வாசலில் செக்யூரிட்டி தடுத்தார்.

“கொழந்த எங்க?”

“நான்தான் கொழந்த,” என்றாள் அவள்.

“வெளையாடாதம்மா. பெரியவங்களுக்கெல்லாம் அந்தப் பில்டிங்.”

“அந்தப் பில்டிங்குலதான் இங்க போகச் சொன்னாங்க. நாங்க இன்னா நடுவுல இருக்கற வேப்பமரத்துலயா வைத்தியம் பாத்துக்கறது?” என்று நான் போட்ட சத்தத்தில் உள்ளேயிருந்து நர்ஸ் வந்துவிட்டார். அதன் பிறகும் இரண்டு கட்டடத்துக்கும் நடந்தோம். வயதைப் பார்த்து இங்கே வேண்டாம் என்றார்கள். வியாதியைப் பார்த்து அங்கே வேண்டாம் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் செங்கல்பட்டுக்குத் திரும்பும் ரயிலில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, “சொன்னேனேக்கா, பஸ்ஸு போயிடுச்சின்னு” என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்கிற ஒரு பெண் டாக்டர் அவளைப் பார்த்தார். அதிகம் பேசாதவர். “பெரியவங்களுக்குன்னு தனி வார்டு எங்ககிட்ட இல்ல. ஆனா இந்த வேலை பழகினவங்க நாங்கதான். இங்கேயே படுத்துக்கறியா?” என்றார். குழந்தையில் செய்திருந்தால் சுலபமாகப் போயிருக்கும், இப்போது ஆபத்து கூடுதல் என்பதையும் மறைக்கவில்லை. “செய்யாம விட்டா அதைவிட ஆபத்து,” என்றும் சொன்னார்.

வார்டுச் சுவரெல்லாம் முயலும் யானையும் வரைந்திருந்தது. கட்டில் குழந்தைகளுக்கானது, அவள் பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. “எந்தக் குழந்தையோட அம்மா நீங்க?” என்று ஒவ்வொரு தாயாக வந்து கேட்டார்கள். முதல் நாள் அதற்கும் சிரித்துப் பேசினாள். பிள்ளைகளை நடக்கவிட்டு, “யாரும் நகராதீங்க!” என்று கத்தி நிற்கவைத்து விளையாட்டு காட்டினாள். மூன்றாம் நாள் காலையில் நான் போனபோது பையைக் கட்டி வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா அழுதுகொண்டிருந்தார். மறுநாள் ஆபரேஷன்.

“வூட்டுக்குப் போறேன்க்கா. கொழந்தைங்க பொழச்சிக்கும். என்னை அறுத்துட்டு, அப்புறம் முழிக்கலன்னா? இப்பிடியே இருந்தா இன்னும் கொஞ்ச நாளு ஓட்டிடுவேன். ஊசி கீது, குந்திக்கறேன்.”

நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். கெஞ்சினேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்கு வந்துவிட்டாள். நானும் அவள் அம்மாவும் பின்னாலேயே போனோம்.

நடைபாதையில் ஒரு சின்னப் பெண் எங்களுக்கு முன்னால் தன் அம்மாவின் கையைப் பிடித்து நடந்துகொண்டிருந்தது. நாலைந்து வயது இருக்கும். திடீரென்று நின்றது. கையை விடுவித்துக்கொண்டு முழங்கால் இரண்டும் நெஞ்சில் அழுந்தக் குந்தியது. தலையைக் கவிழ்த்துத் தரையைப் பார்த்தது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். தன்னைத் தவிர இப்படிக் குந்துகிற இன்னொரு உயிரை அவள் வாழ்க்கையில் அதுவரை பார்த்ததில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் குழந்தைக்குப் பக்கத்தில் தானும் குந்தினாள். இரண்டு பேரும் சேர்ந்து மூச்சு வாங்கினார்கள்.

“எங்க போறீங்க?” என்று அந்தத் தாயைக் கேட்டாள்.

“ஊருக்குத்தாங்க. பேரை வெட்டிட்டு வந்துட்டோம். இவ அப்பா வேணாங்கறாரு. பொம்பளப் புள்ள, நெஞ்சைப் பொளந்து தழும்பு விழுந்தா நாளைக்கு யாருங்க கட்டிக்குவா?”

அவள் எழுந்தாள். எழுந்த வேகத்தில் தள்ளாடினாள், நான் பிடித்துக்கொண்டேன். கையை உதறினாள். ஆபரேஷனுக்காக நகப் பாலிஷையெல்லாம் நர்ஸ்கள் துடைத்துவிட்டிருந்தார்கள். நீலம் பாரித்த பத்து விரலையும் அந்தத் தாயின் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஆஸ்பத்திரிச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினாள். நடைபாதையில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவள் கவலைப்படவில்லை.

“பாரும்மா. நல்லாப் பாரு. எம் மாருல ஒரு கீறல் இல்ல. எங்கப்பன் எனக்கு விட்டுட்டுப்போன சொத்து இதுதான். இத எவன் கட்டுனான்? கேளு, எவன் கட்டுனான்? இத வெச்சிக்கினு ஒரு மாடி ஏறல, ஒரு மலை ஏறல, ஒரு புள்ளய இடுப்புல தூக்கல. ஊசி தேடிக்கினே முப்பது வருசம் போச்சி. உம் பொண்ணுக்கும் ஒரு ஊசி வாங்கிக் குடுத்துடு. தழும்பு வேணாம்னா அதான் வேணும்.”

அந்தத் தாய் ஊசி என்றால் என்ன என்று புரியாமல் விழித்தாள். ஆனால் அந்த நீல விரல்கள் புரிந்தன. தன் மகளின் கையை எடுத்து விரலைப் பார்த்தாள். பிறகு இவள் விரலைப் பார்த்தாள். சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள்.

நான் கீழே கிடந்த பையை எடுத்துக்கொண்டேன். “சரி, அந்தக் கொழந்த வார்டுக்குத் திரும்பிப் போவுது. நீ இன்னா பண்ணப் போற?” என்றேன்.

அவள் என்னை முறைத்தாள். “வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம்,” என்று முணுமுணுத்துக்கொண்டே பொத்தானைப் போட்டாள். முயல் வரைந்த சுவருக்குக் கீழே போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டு போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் அந்தக் கதவுக்கு வெளியே நான் உட்காரவே இல்லை. அவள் அம்மா ஒரு மூலையில் கண்ணை மூடிக் கிடந்தார். நான் நடந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி நடந்தேன். ஒரு இடத்தில் கால் தரிக்கவில்லை. டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கியபோது அவர் வாயைத் திறப்பதற்குள், “இருக்காளா?” என்று கேட்டுவிட்டேன். “இருக்காங்க,” என்றார். சந்தோஷத்தில் நான் அவர் கையைப் பிடித்து ஆட்டிய ஆட்டில் அவரே கொஞ்சம் பயந்துவிட்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். இது முடிந்துபோன கதை இல்லை. ஓட்டையை அடைத்தாயிற்று, குழாயைப் பெரிதாக்கியாயிற்று. ஆனால் வால்வு பிற்பாடு தகராறு செய்யலாம். வருஷா வருஷம் வந்து காட்ட வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறேன் என்று வராமல் இருந்துவிடக் கூடாது. அவள் தலையைத் தலையை ஆட்டினாள்.

கடைக்குத் திரும்பி வந்தாள். பட்டு அலர்ஜி தானாகச் சரியாகிவிட்டது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். மேலிருந்து அவள் சிரிப்பு கீழே கேட்கும். வருஷம் முடிந்து செக்கப் தேதி வந்தது. ஆடித் தள்ளுபடி என்றாள். போகவில்லை. அடுத்து முகூர்த்தம் என்றாள். “நான் இன்னா நோயாளியா?” என்று என்னிடமே எகிறினாள். எனக்கு ராத்தூக்கம் போனது.

அப்படி ஒருநாள் மத்தியானம், பில் போட்டுக்கொண்டிருக்கிறேன், மாடியிலிருந்து அந்தக் குரல் வந்தது.

“யாரும் நகராதீங்க! குண்டூசி விழுந்துடுச்சி!”

நாற்காலி சாய்ந்து விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடினேன். மாடிப்படியில் ஒரு படி விட்டு ஒரு படி தாவினேன். இந்த வயதில், இந்த உடம்போடு அது ஆகிற காரியமா? அவள் சரிந்து விழுந்த அதே திருப்பத்தில் மூச்சு முட்டி, கால் மடங்கி, நானும் குந்திவிட்டேன்.

மேலேயிருந்து அவள் தடதடவென்று இறங்கி வந்தாள். கையில் ஊசி. நிஜமாகவே விழுந்த ஊசி. தேடும்போது அவள் விரலிலேயே குத்திவிட்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தவுடன் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. விரலை என் கண்ணுக்கு நேரே நீட்டினாள். நகத்தில் பாலிஷ் இல்லை. நுனியில் ஒரு சொட்டு ரத்தம் நின்றது. குங்குமம் தோற்றது, அப்படி ஒரு சிவப்பு.

“திங்கக்கிழம ஆஸ்பத்திரிக்கு வர்ற. வரல, இங்கியே உன்னைக் கொன்னுடுவேன்,” என்றேன்.

“வரேன்க்கா, வரேன். மொதல்ல மூச்சு வுடு.”

மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் எங்களுக்கு இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். வழியை விடும்மா என்று யாரோ சத்தம் போட்டார்கள். அவள் என் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்று, கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

“யாரும் நகராதீங்க! எங்கக்கா மூச்சு வாங்கிக்கட்டும்!”

எல்லோரும் நின்றார்கள்.